ஐயாயிரத்துக்கு மேல் போகாத சேவல்

செப்டம்பர் 2, திங்கள்

நன்னடத்தை அலுவலர் அமுதவல்லி மேடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மாதத்தின் முதல் திங்கள்தோறும் போக வேண்டும். இந்த நாட்குறிப்பும் அவர் சொல்லித்தான். “எழுதுங்க, மனசு தெளியும். நான் வாங்கிப் படிக்க மாட்டேன்” என்றார். படிக்க மாட்டார் என்றாலும் கையெழுத்து தன்னால் அழகாகிவிடுகிறது.

தெளிவுக்காக முதலிலிருந்து எழுதுகிறேன். நான் சென்னையில் பழம்பொருள் ஏல நிறுவனம் ஒன்றின் துணைத் தலைவராக இருந்தேன். குத்துவிளக்கு, தேக்குக் கட்டில், ஜமீன் வீட்டுக் கடிகாரம். எங்களுக்குப் போட்டி என்று இருந்தது ஒரே ஒரு நிறுவனம். ஒருநாள் இரண்டு நிறுவனங்களும் கமிஷனை ஒரே அளவுக்கு உயர்த்தின. தற்செயல் என்று நாங்கள் சொன்னோம். அந்த நிறுவனத்து மனிதர் அப்ரூவராக மாறி, தற்செயல் இல்லை, பியூலா மேடமும் நானும் பல தடவை சேர்ந்து காபி குடித்தோம் என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டார். காபிக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுத்தது நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

குற்றவாளி என்று தீர்ப்பு. முதல் குற்றம் என்பதால் சிறை இல்லை. ஒரு வருட நன்னடத்தைப் பிணை. அதுவரை எந்த ஏலத்திலும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்குபெறக் கூடாது. மீறினால் சிறை. நவம்பர் 25 அன்று பிணை முடிகிறது. வேலை போனதால் சொந்த ஊரான பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டேன். என் கணவர் இன்பராஜ் இங்கே கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர்.

மேடம் ஒவ்வொரு மாதமும் கடைசியாக ஒரே கேள்வியைக் கேட்பார்.

“செஞ்சதுக்கு வருத்தப்படுறீங்களா?”

“ஆமாம் மேடம்.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். “வாயில வருது, முகத்துல வரலையே” என்பார். படிவத்தில் ‘வருத்தம்’ என்று இருக்கும் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடுவார்.

செப்டம்பர் 11, புதன்

இன்பராஜுக்கு என்னைவிடப் பயம். குடியிருப்புப் பெண்கள் நடத்தும் ஏலச்சீட்டிலிருந்து என்னை விலக வைத்தார். டிவியில் கிரிக்கெட் வீரர்களை ஏலம் எடுப்பதைக் காட்டினால் ரிமோட்டுக்குப் பாய்கிறார். “பார்க்கிறது பங்கெடுக்கிறது ஆகாதுங்க” என்றேன். “உன் கை தூக்குதே பியூலா” என்றார். தூக்கவில்லை. தலையைச் சொறிந்தேன்.

இன்று மீன்கார அக்கா சங்கரா மீனைத் தட்டில் வைத்து, “நீங்களே ஒரு விலை கேளுங்க” என்றாள். விலை கேட்பது ஏலமா? அவள் சொன்னதையே கொடுத்தேன். அவள் பணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஏன்மா, உடம்புக்கு எதுவும் சரியில்லையா?”

அக்டோபர் 7, திங்கள்

மேடத்திடம் அனுமதி கேட்டேன். நவம்பர் 24 எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். ஆளாளுக்கு வாழைத்தார், பூசணி, தேங்காய், கேக், கோழி என்று கொண்டுவந்து காணிக்கையாகப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம். பணம் சபைக்கு.

“சர்ச்சுக்குள்ளயா ஏலம்?”

“வெளியே பந்தல்ல மேடம். நான் ஓரமா உட்கார்ந்துக்கிறேன். வாயே திறக்க மாட்டேன்.”

“எவ்வளவு போகும் ஒரு பூசணிக்காய்?”

“ஏலத்தைப் பத்தி நான் பேசக் கூடாது மேடம்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாமே வந்து பக்கத்தில் உட்கார்ந்து கண்காணிப்பதானால் போகலாம் என்றார். பிறகு யோசித்து, “கோழின்னா நாட்டுக்கோழியா?” என்று கேட்டார். விருதுநகர் பக்கம் அவர் அப்பா கோழி வளர்க்கிறாராம். நல்ல சேவல் அமையவில்லையாம்.

வருத்தக் கட்டம் இன்றும் காலி.

அக்டோபர் 20, ஞாயிறு

தங்கை ஜெனிட்டா வந்தாள். வந்ததும் கதவைச் சாத்தினாள்.

அவள் வீட்டுக்காரர் எட்வின் பேக்கரி வைத்திருக்கிறார். எட்டு வருடம் முன்பு, மாவு மில் ஜோதிமணி அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு கேக் செய்து கொடுத்தார். மூன்றடுக்கு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அதற்கு முன்பு பேசி முறிந்துபோன மாப்பிள்ளையின் பெயரை எழுதிவிட்டார். மண்டபத்தில் முந்நூறு பேர் படித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. வருடம் ஒருமுறை ஸ்தோத்திரப் பண்டிகைச் சேவலின் மேல் மட்டும் மோதிக்கொள்வார்கள். போன வருடம் எட்வின் முப்பத்தெட்டாயிரம் கொடுத்து ஒரு சேவலை எடுத்தார். அந்தச் சேவல் ஒரு கண் பார்வை இல்லாதது.

“அக்கா, பழைய ஓவன் செத்துப்போச்சு. புதுசுக்குன்னு ஐம்பதாயிரம் பீரோவுல வச்சிருக்கேன். அது போச்சுன்னா கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக்கு போட முடியாது. கிறிஸ்துமஸ் போனா கடையே போச்சு. இந்த மனுசன் இப்பவே கண்ணாடி முன்னால நின்னு கையைத் தூக்கிப் பழகுதாரு.”

“நான் என்னட்டி செய்ய?”

“ரெண்டு பேரையும் தனித்தனியா பாத்துப் பேசு. இவ்வளவுக்கு மேல போகாதீயன்னு சொல்லு. உனக்குத்தான் அது தெரியுமே.”

“அதுக்குத்தான்டி எனக்குத் தண்டனையே.”

“அது பெரிய பெரிய சாமானுக்கு. இது சேவலு.”

அக்டோபர் 21, திங்கள்

முடியாது என்று ஜெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன். உறுதியாக.

அக்டோபர் 23, புதன்

ஜோதிமணி அண்ணாச்சி மில்லில் அரிசி மாவு அரைத்தேன். இரண்டு கிலோ.

அக்டோபர் 24, வியாழன்

நேற்று அரைத்த மாவு கொஞ்சம் கரகரப்பு. திரும்பவும் மில்லுக்குப் போனேன்.

அக்டோபர் 26, சனி

இன்பராஜ் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: “பியூலா, நம்ம வீட்டுல ஏன் எட்டுக் கிலோ அரிசி மாவு இருக்கு?”

இடியாப்பம் செய்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

மனசு தெளிய எழுதுகிறேன்.

நான் அண்ணாச்சியிடம் போனது ஏலம் பற்றிப் பேச அல்ல. இரண்டு குடும்பத்துக்கு நடுவே சமாதானம் உண்டாக்க. சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று ஆலயச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்காததை ஒன்றும் செய்யவில்லை.

சிக்கல் என்னவென்றால், மில்லில் பேசினால் காது கேட்காது. இயந்திரம் ஓடும்போது அண்ணாச்சி உதட்டைப் பார்த்தே கிலோவைப் புரிந்துகொள்கிறார். சேவல் விஷயத்தை உதட்டில் சொல்ல முடியவில்லை. நாலைந்து நாளாகக் காது அருகே கத்திப் பார்த்தேன். இன்று ஒருவழியாக அவர் தலையை ஆட்டினார்.

“நீங்க இந்த வருசம் எடுத்துக்கிடுங்க! எட்வின் அடுத்த வருசம்!” என்று கத்தினேன்.

“அவன் எந்திரிச்சு நின்னு கேட்கணும்! பொறவு உக்காரணும்! சபை பாக்கணும்!” என்று அவர் கத்தினார்.

“உக்காருவாரு! ஆனா நீங்க...” நான் மூச்சு இழுத்தேன். சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது. இயந்திரம் நின்றது. மில்லே அமைதியானது. என் குரல் மட்டும் நிற்கவில்லை.

“சேவலுக்கு ஐயாயிரத்துக்கு மேல போகாதீய!”

மாவு டின்னோடு வரிசையில் நின்ற ஒன்பது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது பேரும் எங்கள் சபை. பாடகர் குழுவில் என் பின்னால் நிற்கிற அம்மா கேட்டார்:

“ஐயாயிரமா? சரி, அப்ப நாங்களும் அதுக்கு மேல கேக்கல.”

சென்னையில் இதே வேலைக்குக் காபிக் கடை தேடி, மூலை மேசை தேடி, இருவரும் வெவ்வேறு ஆட்டோவில் போய் இறங்கி... எவ்வளவு சிரமப்பட்டோம்.

நவம்பர் 4, திங்கள்

மேடம் என்னைப் பார்த்ததும், “முகம் நல்லாருக்கே. வாக்கிங் போறீங்களா?” என்றார்.

“மில்லுக்குப் போறேன் மேடம்.”

“வருத்தப்படுறீங்களா?”

“ஆமாம் மேடம்.”

“போன மாசத்தைவிட மோசம்” என்று கட்டத்தை நிரப்பாமலே கோப்பை மூடினார்.

நவம்பர் 10, ஞாயிறு

எட்வினோடு பேசி முடிந்தது. அவரும் ஒரு நிபந்தனை போட்டார்.

“மைனி, நான் உக்காருதேன். ஆனா நான் உக்காரும்போது அந்தாளு சிரிக்கக் கூடாது.”

“சிரிக்க மாட்டாரு.”

“மீசைக்குள்ளயும் சிரிக்கக் கூடாது.”

இதை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன் (இரண்டு கிலோ). அண்ணாச்சி நெடுநேரம் யோசித்து, சிரிப்பு வந்தால் இருமிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். எட்வின் நாலாயிரத்து ஐநூறு கேட்பார். அண்ணாச்சி ஐயாயிரம். எட்வின் உட்காருவார். மூன்று தரம். முடிந்தது. ஓட்டை எதுவும் இருக்கிறதா என்று படுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக யோசித்தேன். ஓட்டை இல்லை.

இன்று ஒரு வருடத்துக்குப் பிறகு மதியம் நன்றாகத் தூங்கினேன். ஏன் என்று தெரியவில்லை. இடியாப்பமாக இருக்கலாம்.

நவம்பர் 23, சனி

பந்தல் போட்டாயிற்று. காணிக்கைப் பொருள்களை அடுக்கப் போனேன். அடுக்குவது பங்கேற்பு இல்லை. இந்த வருடச் சேவல் கருஞ்சிவப்பு. வாலில் பச்சை மினுங்குகிறது. இரண்டு கண்ணும் இருக்கிறது. என்னை ஒரு கண்ணால் பார்த்தது, பிறகு அடுத்த கண்ணால் பார்த்தது.

இன்பராஜ் இரவு உணவில் இடியாப்பத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: “இன்னும் ரெண்டு நாள் பியூலா. ரெண்டே நாள். கையை மடியில வச்சுக்கோ.” அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது. தீர்ப்பு நாளில்கூட நடுங்கவில்லை.



நவம்பர் 24, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அமுதவல்லி மேடம் பட்டுப்புடவையில் வந்தார். ஏலம் கேட்பவர்களிடமிருந்து நான் தள்ளி இருக்க வேண்டும் என்று பந்தலைச் சுற்றிப் பார்த்து, காணிக்கைப் பொருள்கள் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். ஒரு பக்கம் தேங்காய்க் குவியல், இன்னொரு பக்கம் மேடம். என் நாற்காலிக் காலில் சேவல். கட்டுவதற்கு வேறு இடம் இல்லை என்று கட்டிவிட்டார்கள்.

ஏலம் விடுகிறவர் சபைச் செயலாளர் ஞானசிகாமணி சார். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். அவருக்கு மைக் தேவையில்லை. இருந்தாலும் பிடித்துக்கொள்வார். பூசணி போனது, வாழைத்தார் போனது. ஒரே ஒரு எலுமிச்சம்பழம் எழுநூறு ரூபாய்க்குப் போனபோது மேடம் என் பக்கம் சாய்ந்து, “இது என்ன, தங்கத்துல செஞ்சதா?” என்றார். நான் உதட்டை மடித்துக்கொண்டேன். கை மடியில் இருந்தது.

சேவல் வந்தது. ஞானசிகாமணி சார் தூக்கிக் காட்டினார். அது அவர் கட்டைவிரலைக் கொத்தியது. மறுபடி என் நாற்காலியிலேயே கட்டினார்.

எட்வின் எழுந்தார். “நாலாயிரத்து ஐநூறு!”

அண்ணாச்சி உட்கார்ந்தபடியே, “ஐயாயிரம்.”

எட்வின் சபை முழுக்கத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். அண்ணாச்சி இருமினார்.

மாவு டின் பெண்கள் ஒன்பது பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

“என்ன எட்வினு, பேட்டரி எறங்கிட்டோ?” என்றார் ஞானசிகாமணி சார். “ஐயாயிரம், ஒருதரம்! ஐயாயிரம், ரெண்டுதரம்!”

எனக்குள் ஏதோ இனித்தது. வேலை பிசிறில்லாமல் முடியும்போது மட்டும் வருகிற ஒரு இனிப்பு. ஒரு வருடமாக அதை நான் சாப்பிடவில்லை.

“ஐயாயிரத்து நூறு” என்று என் காதருகே ஒரு குரல்.

அமுதவல்லி மேடம். கையைக்கூட உயர்த்தியிருந்தார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஐயாயிரத்துக்கு மேல் போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த மனிதர். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அதற்காக அவரை நான் ஆயுசுக்கும் மதிப்பேன்.

“மூணுதரம்! சேவல் ஆபீசர் அம்மாவுக்கு!”

மேடம் கைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். சேவலைக் குனிந்து பார்த்து, “அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றார். அப்போதுதான் ஞானசிகாமணி சார் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“நம்ம சபைக்கு முதல்முதலா வந்திருக்கிற அம்மா, எடுத்த சேவலை நம்ம வழக்கப்படி ஆலயத்துக்கே திருப்பிக் கொடுக்காங்க! எல்லாரும் கை தட்டுங்க!”

பந்தல் அதிர்ந்தது. குழந்தைகள் விசிலடித்தார்கள்.

“நான் எப்ப கொடுத்தேன்?” என்று மேடம் என்னிடம் கேட்டார். கைதட்டல் நிற்கவில்லை. அவர் மெதுவாக எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். “நான் வீட்டுக்குக் கொண்டுபோகத்தானே கேட்டேன்...”

எனக்கு அவர் சொன்னது காதில் ஏறவில்லை. திருப்பிக் கொடுத்தால் அதே பொருள் மறுபடி ஏலம். இங்கே பிறந்து வளர்ந்தவள் நான். ஒரு முட்டை ஏழு தடவை ஏலம் போனதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எட்வின் நிற்பது, உட்காருவது, அண்ணாச்சி மீசை வரைக்கும் பேசி வைத்தேன். மறு ஏலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஆறாயிரம்!” எட்வின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“பத்து!” அண்ணாச்சியும் எழுந்தார். அடக்கி வைத்திருந்த எல்லாம் அந்தப் பத்தில் இருந்தது.

பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. இருபது. இருபத்தைந்து. முப்பத்தெட்டு வந்தபோது போன வருடத்தை நினைத்து ஒரு பெருமூச்சு எழுந்தது. நாற்பது. “கேக்குல பேரு எழுதத் தெரியாத பயலுக்குச் சேவலு கேக்குதோ!” என்றார் அண்ணாச்சி. “ஒங்க வீட்டுல மாப்பிள்ளை மாத்துற வேகத்துக்கு எழுத முடியுமா?” என்றார் எட்வின். நாற்பத்தைந்து. நாற்பத்தெட்டு.

“ஐம்பது!” என்றார் எட்வின்.

அண்ணாச்சி ஒரு கணம் எட்வினைப் பார்த்தார். வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்தார். இந்த முறை இருமவில்லை. சிரித்தார்.

எட்வினுக்கு அப்போதுதான் தான் சொன்ன எண் காதில் விழுந்தது போல. பெண்கள் வரிசையில் ஜெனிட்டா. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தபோதும் இப்படித்தான், அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“ஐம்பதாயிரம், ஒருதரம்!”

எழுந்து ‘நிறுத்துங்க’ என்று சொல்லலாம். சொன்னால் அது ஏலத்தில் தலையீடு. பக்கத்தில் அரசாங்கமே பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறது. கடைசி வரிசையில் இன்பராஜ் தன் இரண்டு கையையும் மடியில் வைத்து, நானும் அப்படி வைக்கும்படி கண்ணால் கெஞ்சினார்.

“ஐம்பதாயிரம், ரெண்டுதரம்!”

செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். சணல் முடிச்சு இழுத்ததும் வந்துவிட்டது.

சேவல் உடனே ஓடவில்லை. யோசித்தது. நான் தேங்காய்க் குவியலில் முட்டினேன், தற்செயல்தான். தேங்காய்கள் உருண்டன. சேவல் எழும்பி ஞானசிகாமணி சாரின் தலைக்கு மேலே பறந்து, மைக்கில் ஒருமுறை கூவி, பந்தல் சீலையில் ஏறி, மணிக்கூண்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது.

ஞானசிகாமணி சாரின் கை ‘மூணு’ என்று காட்டியபடி காற்றில் நின்றது. பொருள் இல்லாமல் மூன்றாம் தரம் சொல்ல முடியாது. அது எங்கள் சபையில் சட்டம்.

எட்வின்தான் முதலில் மணிக்கூண்டுப் பக்கம் ஓடினார். சேவலைப் பிடிக்க அல்ல. அது இறங்கி வராமல் பார்த்துக்கொள்ள என்று நினைக்கிறேன். கீழே நின்று “சூ, சூ!” என்று கையை வீசினார். அண்ணாச்சி “பா, பா” என்று அரிசியைத் தூவினார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, மறு ஏலம் செல்லாது என்று அறிவித்தார்கள்.

மேடம் என் நாற்காலிக் காலில் தொங்கிய சணலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மறு ஏலம் செல்லாதுன்னா, முதல் ஏலம்தானே செல்லும்?”

“ஏலத்தைப் பத்தி நான்...”

“பேசக் கூடாது. சரி.” கைப்பையை மூடினார். “கட்டு தளர்வா கட்டியிருக்காங்க போல” என்றார். அவ்வளவுதான்.

நவம்பர் 25, திங்கள்

காலையில் ஜெனிட்டா போன் செய்தாள். எட்வினை அனுப்பி ஓவனுக்கு முன்பணம் கட்ட வைத்துவிட்டாளாம். ரசீதைக் காட்டும்வரை எட்வினுக்குக் காபி கிடையாது என்று வைத்திருந்தாளாம்.

கடைசி முறையாக மேடத்தின் அலுவலகம். மேசைக்குக் கீழே காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி. உள்ளே யாரோ நடந்துகொண்டிருந்தார்கள்.

எல்லாத் தாளிலும் கையெழுத்து வாங்கினார். வருத்தக் கட்டம் மட்டும் பாக்கி. பேனாவை மூடிவைத்துவிட்டு, “ஒண்ணு கேட்கணும். அவ்வளவு வெறியோட இருந்த ரெண்டு பேரும் முதல் தடவை சொல்லிவச்ச மாதிரி ஐயாயிரத்துல ஏன் நின்னாங்க?” என்றார்.

பெட்டிக்குள் சேவல் கூவியது. நாங்கள் இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தோம். பிறகு மேடம் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டார். நானும் சணலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

“செஞ்சதுக்கு வருத்தப்படுறீங்களா?”

எனக்கு மறு ஏலம் நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு வாக்கியம். ‘திருப்பிக் கொடுத்தாலும் இதே பேச்சுத்தான்’ என்று மில்லில் கூடுதலாக ஒரு மூச்சு கத்தியிருந்தால் போதும். இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு ஓட்டையை விட்டுவிட்டேனே என்று நினைத்தேன். கண் நிறைந்துவிட்டது.

“ரொம்ப, மேடம்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாகப் பேனாவைத் திறந்து அந்தக் கட்டத்தை நிரப்பினார்.

“இப்பத்தான்” என்றார், “முகத்துல வந்திருக்கு.”